மருத்துவரைக் கேளுங்கள்: மயங்கிக் கிடப்பவரின் மூச்சுப்பாதை

அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்கு இப்பகுதியில் பதில் அளிக்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பலவும், நினைவிழந்தவரின் மூச்சுப்பாதையை மருத்துவ உதவி வரும்வரை எப்படித் திறந்து வைப்பது என்பதைப் பற்றியவை.

என் மாமனாருக்குச் சென்ற மாதம் இரவில் பக்கவாதம் வந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஆனால் பலமாகக் குறட்டை விட்டதால், அயர்ந்து தூங்குகிறார் என்று எண்ணித் தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுக்க வைத்தோம். மருத்துவமனையில், ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்க வேண்டும் என்றார்கள். காரணத்தை விளக்க முடியுமா?
— இல்லத்தரசி ஒருவர், திருவாரூர் மாவட்டம்

தட்டி எழுப்பியும் விழிக்காத ஒருவரிடமிருந்து வரும் குறட்டையைத் தூக்கத்தின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. அது அடைபட்டுக்கொண்டிருக்கும் மூச்சுப்பாதையின் ஒலி. நாக்கின் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாமல் தொண்டைக்குள் இறங்கி, தாடையெலும்பின் உட்புறத்தோடு தசையால் பிணைக்கப்பட்டிருக்கிறது. விழித்திருக்கும்போது மட்டுமின்றி, இயல்பாக உறங்கும்போதும் அந்தத் தசை ஓரளவு விறைப்போடு இருந்து நாக்கை முன்பக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது. பக்கவாதம், தலைக்காயம், இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துபோதல், மது, அளவுக்கு மீறிய தூக்க மாத்திரை என எதனால் நினைவு தப்பினாலும் அந்த விறைப்பு தளர்ந்துவிடுகிறது. அப்போது மல்லாந்து கிடப்பவரின் நாக்கின் அடிப்பகுதியும், அண்ணத்தின் மென்பகுதியும், குரல்வளை மூடியும் பின்னால் சரிந்து தொண்டையின் பின்சுவரில் படிகின்றன. பாதி அடைத்தால் குறட்டை கேட்கும். முழுவதும் அடைத்துவிட்டால் எந்த ஒலியும் இராது. ஒலியற்ற இந்த நிலையிலும் மார்பும் வயிறும் சிறிது நேரம் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் என்பதால், மூச்சு வருகிறது என்று சுற்றி நிற்பவர்கள் நம்பிவிடுகிறார்கள். ஆகவே மார்பைப் பார்ப்பதோடு நிற்காமல், உங்கள் கன்னத்தை அவருடைய மூக்கருகே கொண்டுபோய்க் காற்று படுகிறதா என்று உணர்ந்து, காதாலும் கேட்டு, பத்து வினாடிகளுக்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

தலையணை இங்கே தீங்கு செய்கிறது. அன்பின் மிகுதியால் நாம் முதலில் செய்வது தலைக்கு உயரம் கொடுப்பது, அல்லது மடியில் தலையைத் தாங்கிக்கொள்வது. இரண்டுமே கழுத்தை முன்னோக்கி மடக்கி, மோவாயை மார்போடு நெருக்கி, ஏற்கெனவே குறுகிப்போன பாதையை மேலும் அடைத்துவிடுகின்றன. தலையணையை எடுத்துவிட்டு, ஒரு கையை நெற்றியில் வைத்துத் தலையைப் பின்னோக்கிச் சாய்த்து, மற்றக் கையின் இரண்டு விரல் நுனிகளை மோவாய் எலும்பின் அடியில் கொடுத்து மேல்நோக்கித் தூக்குங்கள். தாடையோடு பிணைந்திருக்கும் நாக்கும் உடன் எழும்பி வரும். விரல்கள் எலும்பில்தான் பட வேண்டும். தாடைக்கு அடியிலுள்ள மெத்தென்ற சதையை அழுத்தினால் நாக்கு மேலே தள்ளப்பட்டு வழி அடைபடும். சரியாகச் செய்தீர்கள் என்றால், குறட்டை அந்தக் கணமே குறைவதைக் கேட்பீர்கள்.

எளிமையாகத் தோன்றும் இந்த உத்தி மருத்துவத்தில் நிலைபெற்றது 1950களின் பிற்பகுதியில்தான் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். அதற்கு முன்பு, மூச்சு நின்றவரைக் குப்புறப் படுக்க வைத்து முதுகை அழுத்துவதும், கைகளைத் தூக்கி இறக்குவதும்தான் உலகெங்கும் கற்பிக்கப்பட்டன. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவின் பால்டிமோரில் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் பீட்டர் சஃபார், தாமாக முன்வந்தவர்களுக்குத் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, அந்தப் பழைய முறைகளில் காற்று போதிய அளவு உள்ளே போவதில்லை என்பதையும், தலையைச் சாய்த்துத் தாடையை முன்னே கொண்டுவந்தால் பாதை திறக்கிறது என்பதையும் நேரடியாக அளந்து காட்டினார். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை என்பதாலேயே, வீட்டில் உள்ளவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியவற்றுள் இதை முதலாவதாக வைக்கிறேன்.

நோயாளி தானாக மூச்சு விடுகிறார், அடிபடவில்லை என்றால், அடுத்து அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேலே இருக்கும் காலை முழங்காலில் மடக்கித் தரையில் ஊன்றி, மேற்கையின் புறங்கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாய் தரையை நோக்கி இருக்குமாறு செய்ய வேண்டும். நாக்கு பின்னால் விழாது. எச்சிலும் வாந்தியும் நுரையீரலுக்குள் போகாமல் வெளியே வழிந்துவிடும். மயக்கம் தெளியட்டும் என்று வாயில் தண்ணீரோ காபியோ சர்க்கரைக் கரைசலோ ஊற்றவே கூடாது. விழுங்கும் அனிச்சைச் செயல் இல்லாதவருக்கு ஊற்றும் ஒரு மடக்கு நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். பக்கவாதம் என்று ஐயம் இருந்தால், அவர் கடைசியாக நலமாக இருந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் தர முடியுமா என்று முடிவு செய்ய அது உதவும்.

புறவழிச்சாலை ஓரமாகக் கடை வைத்திருக்கிறேன். இருசக்கர வாகன விபத்துகளை அடிக்கடி பார்க்கிறேன். அடிபட்டவரின் கழுத்தை அசைக்கக் கூடாது என்கிறார்கள். மூச்சுப்பாதையைத் திறக்கத் தலையைச் சாய்க்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். எதைச் செய்வது?
— தேநீர்க் கடை உரிமையாளர், கிருஷ்ணகிரி

இரண்டும் உண்மையே, ஆனால் இரண்டும் சம எடை கொண்டவை அல்ல. கழுத்தெலும்பு முறிவு இருக்கலாம் என்பது ஓர் ஐயம். மூச்சு அடைபட்டிருப்பது கண்முன் நடக்கும் நிகழ்வு, அது சில நிமிடங்களில் மூளையைப் பாழாக்கிவிடும். எனவே மூச்சுப்பாதைக்கே முதலிடம்.

கழுத்தை அதிகம் அசைக்காமலே பாதையைத் திறக்க ஒரு வழி உண்டு. அடிபட்டவரின் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு முழங்கைகளையும் தரையில் ஊன்றி, காதுமடலுக்குக் கீழே தாடையெலும்பு வளையும் மூலைகளில் இரு கைவிரல்களையும் கொடுத்து, தாடையை முன்னோக்கித் தள்ளுங்கள். கீழ்வரிசைப் பற்கள் மேல்வரிசைப் பற்களைத் தாண்டி வெளியே வர வேண்டும். தலை அசையாது, நாக்கு மட்டும் தொண்டையிலிருந்து விலகும். பயிற்சி பெற்றவர்களுக்கு இது கைவரும். பழக்கமில்லாத ஒருவருக்கு வரவில்லை, மூச்சும் வரவில்லை என்றால், தலையைச் சிறிது சிறிதாக, மூச்சு வரும் அளவுக்கு மட்டும் பின்னால் சாய்க்கத் தயங்க வேண்டாம்.

வாயில் இரத்தமும் வாந்தியும் தேங்கிக் கர்கர் என்ற ஒலி வந்தால், ஒருவர் தலையையும் கழுத்தையும் நேர்கோட்டில் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் தோளையும் இடுப்பையும் பிடித்து, உடல் முழுவதையும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தலைக்கவசம் மூச்சுக்குத் தடையாக இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். தடையாக இருந்தால் இருவர் சேர்ந்து கழற்றுங்கள்: ஒருவர் கீழிருந்து கழுத்தையும் தாடையையும் தாங்க, மற்றவர் கவசத்தின் பக்கங்களை அகட்டி மெல்ல உருவ வேண்டும்.

நம் சாலைகளில் நான் மிகவும் வருந்திப் பார்ப்பது இதற்குப் பிறகு நடப்பதைத்தான். நல்லெண்ணத்தோடு நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவின் இருக்கையில் உட்கார்ந்த நிலையில் திணித்து, தலை மார்பில் தொங்க மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். காயத்தைத் தாங்கியிருக்கக்கூடிய சிலர் அந்தப் பயணத்தில் மூச்சடைத்து இறந்துபோகிறார்கள். 108ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அருகிலேயே இருப்பது, அவசரமாக ஏற்றிச் செல்வதைவிடப் பெரும்பாலும் மேலானது. வழக்கு வருமோ என்ற அச்சம் வேண்டாம். 2016ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் உதவுவோரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளைக் கட்டாயமாக்கிவிட்டது; 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே இதற்காகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், அதில் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது என்பதையும் அருகில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள்.

வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவி கொடுப்பதும், நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க வாயில் கரண்டி வைப்பதும் சரியா?
— ஆசிரியை, கோவில்பட்டி

இரண்டும் வேண்டாம். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்கும் அந்த நேரமே ஆகிறது, அதனால்தான் இரும்பு குணப்படுத்தியதாக ஒரு நம்பிக்கை தலைமுறைகளாக நிலைத்துவிட்டது. கரண்டியால் பல் உடைந்து, அந்தத் துண்டு மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். நாக்கில் ஏற்படும் கடிகாயம் ஆறிவிடும். இடிபடும் பொருள்களை விலக்கி, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, உதறல் அடங்கியவுடன் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடங்களைத் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் மீண்டும் வந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள்.

எங்கள் பேரனுக்கு ஒன்றரை வயது. வேர்க்கடலை தொண்டையில் சிக்கி முகம் நீலம் பாரித்துவிட்டது. உச்சந்தலையில் தட்டினோம், விரலை விட்டுத் துழாவினோம், எப்படியோ பிழைத்துக்கொண்டான். இனி இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்?
— பாட்டி, விருதுநகர்

அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது, அம்மா. குழந்தை பிழைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் விரலை விட்டுத் துழாவுவதை மட்டும் இனி ஒருபோதும் செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடிப் போகும் விரல் அதை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். உச்சந்தலையில் தட்டுவதால் பயனில்லை. தட்ட வேண்டிய இடம் முதுகு.

புரையேறிய குழந்தை இருமுகிறது, அழுகிறது என்றால் காற்று போய் வந்துகொண்டிருக்கிறது. அப்போது எதுவும் செய்யாமல், முன்னால் குனிய விட்டு, இருமலைத் தொடர ஊக்கப்படுத்துங்கள். அந்த இருமலைவிட வலிமையான உத்தி நம் கையில் இல்லை. சத்தமே வரவில்லை, அழ வாயைத் திறந்தும் குரல் எழவில்லை, உதடு கறுக்கிறது என்றால்தான் நாம் இறங்க வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை முன்பக்கமாகக் குனியச் செய்து, இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். வெளிவரவில்லையென்றால், பின்னால் மண்டியிட்டு இடுப்பைச் சுற்றி அணைத்து, மூடிய கைமுட்டியைத் தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குக் கீழே வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்த வேண்டும். ஹென்றி ஹைம்லிக் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1974இல் வெளியிட்ட முறை இது. பொருள் வெளியேறும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். பெரியவர்களுக்கும் இதே முறைதான்; கர்ப்பிணிகளுக்கு மட்டும் வயிற்றுக்குப் பதிலாக நெஞ்செலும்பை அழுத்த வேண்டும்.

ஒரு வயது நிறையாத கைக்குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது, கல்லீரல் காயப்படும். முன்கையின்மேல் குப்புறக் கிடத்தி, தலை உடலைவிடத் தாழ்ந்திருக்குமாறு தாங்கி, முதுகில் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து அழுத்தம். குழந்தை துவண்டு நினைவிழந்துவிட்டால், உறுதியான தரையில் கிடத்தி இதய இயக்க மீட்பு முறையை (சிபிஆர்) தொடங்க வேண்டும். அப்போது கைக்குழந்தையின் தலையைப் பெரியவர்களுக்குப் போலப் பின்னால் அதிகம் சாய்க்கக் கூடாது. கைக்குழந்தையின் பின்மண்டை பெரிதாக இருப்பதால் கழுத்து தானாகவே முன்னால் மடங்கும். தோள்களுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்து, முகம் நேராக மேலே பார்க்குமாறு அமைத்தால் போதும்.

நீல நிறம் மாறிக் குழந்தை விளையாடத் தொடங்கிவிட்டாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். வேர்க்கடலையின் ஒரு பாதி மூச்சுக்கிளைக் குழாயில் இறங்கித் தங்கி, வாரக்கணக்கில் தீராத இருமலாகவும் சளிக்காய்ச்சலாகவும் வெளிப்படுவதைக் குழந்தைகளிடம் காண்கிறோம். உள்நோக்குக் கருவியைச் செலுத்தித்தான் அதை எடுக்க முடியும். நான்கு வயது வரை வேர்க்கடலை, முழுச் சுண்டல், புளியங்கொட்டை ஆகியவற்றைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பாம்புக்கடியில் இறப்பது விஷம் இரத்தத்தில் கலப்பதால்தானே? அதில் மூச்சுப்பாதைக்கு என்ன பங்கு?
— விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்

கண்ணாடிவிரியனைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது பெருமளவு பொருந்தும். நல்லபாம்பும் கட்டுவிரியனும் நரம்பையும் தசையையும் இணைக்கும் இடத்தைத் தாக்குகின்றன. முதலில் இமைகள் கனத்துச் சரியும். பிறகு பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும், பேச்சு மூக்கால் வரும், எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழியும், தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடியாது. மூச்சுத் தசைகள் செயலிழப்பதற்கு முன்பே தொண்டைத் தசைகள் தளர்ந்து, தேங்கிய எச்சிலிலேயே மூச்சடைத்துவிடக்கூடும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இராது. விடியற்காலையில் வயிற்றுவலி என்றும் இமை திறக்கவில்லை என்றும் ஒருவர் சொன்னால், கடிவாய் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வழியில் மல்லாத்திப் படுக்க வைக்காமல் ஒருக்களித்தே வைத்திருங்கள். எச்சிலைத் துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள்.

விஷமுறிவு மருந்து இரத்தத்தில் உலவும் விஷத்தைச் செயலிழக்கச் செய்யும். கட்டுவிரியன் ஏற்கெனவே சிதைத்துவிட்ட நரம்பு முனைகள் மீண்டும் சீராக நாட்கள் ஆகும். அதுவரை மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தி, இயந்திரத்தால் மூச்சு கொடுத்தால் நோயாளி பெரும்பாலும் முழுமையாக மீண்டுவிடுவார். இமையும் விரலும் அசையாமல் கிடக்கும் அவரைப் பார்த்து, மூளை போய்விட்டது என்று உறவினர்கள் கைவிட்டுவிடக் கூடாது. உள்ளே நினைவு தெளிவாக இருக்கலாம், நீங்கள் பேசுவது காதில் விழலாம். அருகில் நின்று அவர் பெயரைச் சொல்லி நம்பிக்கையாகப் பேசுங்கள்.

செவிலியர் பயிற்சியில் இருக்கிறேன். நோயாளி வந்தவுடன் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தாமல், சில நேரம் மூத்த மருத்துவர்கள் முகமூடியோடு இணைந்த காற்றுப் பையை அழுத்திக்கொண்டே நிற்கிறார்களே, ஏன்?
— மாணவி, தஞ்சாவூர்

அவர்கள் காலம் கடத்தவில்லை. நோயாளிக்குத் தேவைப்படுவது ஆக்சிஜன். குழாய் அதற்கான வழிகளுள் ஒன்று மட்டுமே. டென்மார்க்கில் 1952ஆம் ஆண்டு இளம்பிள்ளைவாதக் கொள்ளைநோய் பரவியபோது, கோபன்ஹேகனில் பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவரின் வழிகாட்டுதலில், மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களின் கழுத்தில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பையைக் கையால் அழுத்தியே ஏராளமானோரைக் காப்பாற்றினார்கள். அதே நாட்டில் ஹென்னிங் ரூபனும் ஹோல்கர் ஹெஸ்ஸேயும் 1956இல் உருவாக்கிய, தானே விரிந்து நிறையும் பையைத்தான் ஆம்பு பை என்ற பெயரில் நீங்கள் கையில் பிடிக்கிறீர்கள்.

அதைச் சரியாகப் பிடிப்பது எளிதன்று. முகமூடியை முகத்தின்மேல் அழுத்தாமல், தாடையைத் தூக்கி முகமூடிக்குள் கொண்டுவர வேண்டும். இருவர் இருந்தால் ஒருவர் இரு கைகளாலும் முகமூடியைப் பிடிக்க, மற்றவர் பையை அழுத்தட்டும். நாடித்துடிப்புள்ள பெரியவருக்கு ஆறு வினாடிக்கு ஒருமுறை, ஒரு வினாடி நேரம், மார்பு எழும்பும் அளவுக்கு மட்டும் அழுத்தினால் போதும். பதற்றத்தில் வேகமாகவும் பலமாகவும் அழுத்தினால் காற்று இரைப்பைக்குள் போய், வாந்தியெடுத்து, நுரையீரல் பாழாகும்.

நாக்கு அடைப்பதாகத் தோன்றினால், வாய்வழியே வைக்கும் வளைந்த கூடெல் குழாய் உதவும். வாயோரத்திலிருந்து தாடை மூலை வரை அளந்து அளவைத் தேர்ந்தெடுங்கள். சிறியதாக இருந்தால் நாக்கைப் பின்னால் தள்ளிவிடும். குமட்டல் அனிச்சை உள்ளவருக்கு அதை வைக்கக் கூடாது. தாடை இறுகியிருந்தால் மூக்குவழிக் குழாய் பொருந்தும். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும். இலண்டனில் ஆர்ச்சி பிரெய்ன் 1981இல் உருவாக்கிய, தொண்டைக்குள் பொருந்தும் குரல்வளை முகமூடியும் அதன் வழித்தோன்றல்களும், குழாய் செலுத்துவதில் கைதேராதவர்களுக்குப் பெரும் துணை.

குழாய் செலுத்தும்போது நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: அது மூச்சுக்குழாயில்தான் இருக்கிறதா என்பதை வெளிமூச்சின் கரியமில வாயுவைக் காட்டும் திரையே உறுதிப்படுத்தும். குழாயில் நீராவி படிவதும், மார்பு எழும்புவதும், காதால் கேட்பதும் ஏமாற்றக்கூடியவை. அந்த அலைக்கோடு திரையில் வரவில்லை என்றால், குழாய் உணவுக்குழாயில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். நீங்கள் மாணவியாக இருந்தாலும், “அலை வரவில்லை, டாக்டர்” என்று உரக்கச் சொல்லுங்கள்.

விபத்தில் தலையில் அடிபட்ட என் தந்தை இரு வாரங்களாக வென்டிலேட்டரில் இருக்கிறார். கழுத்தில் துளையிட வேண்டும் என்கிறார்கள். துளையிட்டால் பிறகு பேசவே முடியாது என்று உறவினர்கள் தடுக்கிறார்கள்.
— மகன், மதுரை

வாய்வழிக் குழாய் நெடுநாள் இருந்தால் குரல்வளையும் மூச்சுக்குழாயும் புண்ணாகிக் குறுகக்கூடும். கோழையை உறிஞ்சி எடுப்பதும் கடினம். நோயாளியை அமைதியாக வைக்க மயக்க மருந்தும் தொடர வேண்டியிருக்கும். துளை குரல் நாண்களுக்குக் கீழே இடப்படுவதால் அவற்றுக்கு இடையே குழாய் இராது. துளை வழியாகக் காற்று போகும்வரை பேச்சு வராது என்பது உண்மை. நிலை தேறியபின் பேசுவதற்கான அடைப்பானைப் பொருத்தலாம்; குழாயை எடுத்துவிட்டால் பெரும்பாலோருக்குத் துளை தானாகவே மூடிக்கொள்ளும். இயந்திரத்தில் வைத்தாலே முடிவு என்றும், துளையிட்டால் அதைவிட மோசம் என்றும் நம்மிடையே உள்ள அச்சத்தால் தேறக்கூடியவர்களின் சிகிச்சை தாமதமாகிறது. அவர் எந்த அளவுக்குத் தேறுவார் என்பது மூளைக்காயத்தைப் பொறுத்தது. அதைத் தனியாக மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். துளையிடுவதா என்ற கேள்வியை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

துளையோடு வீடு திரும்ப நேர்ந்தால், கோழையை உறிஞ்சி எடுக்கவும், உட்குழாயைக் கழற்றிக் கழுவவும் வீட்டில் இருவராவது மருத்துவமனையிலேயே செய்து பழகிக்கொள்ளுங்கள். மாற்றுக் குழாய் ஒன்றையும் அதைவிட ஓர் அளவு சிறியது ஒன்றையும் கட்டிலருகே வைத்திருங்கள். குளிப்பாட்டும்போது கழுத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றாமல் துணியால் துடைத்துவிடுங்கள். திடீரென மூச்சுத் திணறினால், முதலில் உட்குழாயைக் கழற்றிப் பாருங்கள். அதில் உறைந்த கோழையே பெரும்பாலும் அடைப்புக்குக் காரணமாக இருக்கும். 108 ஊழியர் வந்தவுடன், கழுத்தில் துளை இருக்கிறது, ஆக்சிஜனை அங்கேயும் கொடுக்க வேண்டும் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.